ரசீதில் பெயர் இல்லாத வரிதாரர்: மாநகராட்சியின் வரியும் செலவும் ஏழைகள் தலையில் எப்படி இறங்குகின்றன

சொத்து வரி உயர்ந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கும். எதிர்க்கட்சியில் யார் இருந்தாலும் ‘ஏழைகள் வயிற்றில் அடிக்கிறார்கள்’ என்பார்கள். ஆளுங்கட்சியில் யார் இருந்தாலும் ‘ஏழைகளுக்குப் பாதிப்பே இல்லை, சின்ன வீட்டுக்குச் சின்ன உயர்வுதான்’ என்பார்கள். சென்னையில் 2022 ஏப்ரலில் இது நடந்தது. 2024 அக்டோபரில் இன்னொரு தடவை நடந்தது. கேட்பவர்களுக்கு ஒரே குழப்பம்: சொந்த வீடே இல்லாதவருக்குச் சொத்து வரியால் என்ன வந்தது?

கேள்வி நியாயமானதுதான். வியாசர்பாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் குடும்பம் சொத்து வரி ரசீதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது. அதனால் அவர்கள் வரி கட்டவில்லை என்று ஆகிவிடாது. அந்தப் பணம் வாடகையோடு சேர்ந்து போகிறது. சம்பளத்தில் பிடிபட்டுப் போகிறது. மாநகராட்சி செய்யாமல் விட்ட வேலைக்காகக் கையிலிருந்தும் போகிறது. இந்த மூன்று வழிகளும் புரிய வேண்டுமானால் மாநகராட்சியின் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உதாரணத்துக்குச் சென்னையையே எடுத்துக்கொள்வோம்.

மாநகராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது

1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியல் சட்டத்தில் ஓர் இடம் கொடுத்தது. வரி போடும் அதிகாரத்தை நேரடியாகக் கொடுக்கவில்லை. எந்த வரியை, எவ்வளவு, எந்த முறையில் வசூலிக்கலாம் என்பதை மாநிலச் சட்டமன்றம்தான் முடிவு செய்கிறது. மாநகராட்சி மன்றம் கூடித் தீர்மானம் போடுவதைப் பார்த்து, முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய உயர்வுகள் மாநில அரசின் கோட்டையில் தீர்மானமாகி, மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்கு வருகின்றன.

சென்னை மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட்டில் அன்றாடச் செலவுக்கான வருவாய்க் கணக்கில் வரவு சுமார் 5,145 கோடி ரூபாய், செலவு சுமார் 5,214 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். மாநகராட்சிக்குப் பணம் வரும் முக்கியமான கிளைகள் இவை:

1. சொத்து வரி. சொந்த வருமானத்தில் இதுதான் பெரியது. ஆண்டுக்கு இரண்டு தவணை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று.

2. தொழில் வரி. சம்பளம் வாங்குபவர்களிடமும் தொழில் செய்பவர்களிடமும் அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குவது.

3. மாநில அரசிடமிருந்து வரும் பங்கு. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளுக்கெல்லாம் பிரித்துத் தரப்படுகிறது. பத்திரப் பதிவின்போது முத்திரைத் தீர்வையோடு வாங்கும் 2 சதவீதக் கூடுதல் தீர்வையும் உள்ளாட்சிகளுக்கு உரியது.

4. மத்திய நிதி ஆணைய மானியம், திட்டங்களுக்கான நிதி, கடன். இவை பெரும்பாலும் ‘இந்த வேலைக்கு மட்டும்’ என்று முத்திரை குத்தி வரும் பணம்.

தண்ணீரும் கழிவுநீரும் இந்தக் கணக்கில் இல்லை. அது 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த குடிநீர் வாரியத்தின் தனிக் கணக்கு. ஆனால் வாரியத்தின் வரியும் சொத்தின் ஆண்டு மதிப்பை வைத்தே போடப்படுகிறது: குடிநீருக்கும் கழிவுநீருக்கும் சேர்த்து அந்த மதிப்பில் 7 சதவீதம். ஆக, மாநகராட்சி ஒரு கட்டடத்துக்குப் போடும் மதிப்பீடு இன்னோர் இடத்திலும் பில்லாக வருகிறது.

சொத்து வரி கணக்கிடும் முறை

ஒரு வீட்டின் விற்பனை விலைக்கு வரி போடுவதில்லை. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று ஒரு மதிப்புப் போட்டு, அதில் ஒரு விகிதத்தை வரியாக வாங்குகிறார்கள். இதற்கு ‘ஆண்டு வாடகை மதிப்பு’ என்று பெயர். உண்மையில் வாங்கும் வாடகை அல்ல இது. தெருவுக்குத் தெரு சதுர அடிக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படை மதிப்பு வைத்திருப்பார்கள். சென்னையில் 1998இல் வைத்த கணக்கில் குடியிருப்புகளுக்கு அது சதுர அடிக்கு 60 காசிலிருந்து 2 ரூபாய் 40 காசு வரை. பரப்பளவால் பெருக்கி, கட்டடத்தின் வயது போன்றவற்றுக்குக் கழிவு கொடுத்து, வரியைக் கண்டுபிடிப்பார்கள்.

1998க்குப் பிறகு சென்னையில் பொதுச் சீராய்வே நடக்கவில்லை. 2018இல் உயர்த்தினார்கள், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்ததும் 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். இப்படி 24 ஆண்டுகள் ஓடின. இதற்கிடையில் 2011இல் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளை இணைத்துக்கொண்டு நகரம் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. செலவு விரிந்த அளவுக்கு வரி நகரவில்லை.

வரியை உயர்த்தாமல் இருந்தது ஏழைகளுக்காக என்றுதான் எல்லா ஆட்சியிலும் சொன்னார்கள். கணக்கைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 1998இல் சாதாரணமாக இருந்த ஒரு தெரு 2015இல் கடைவீதியாகி, வாடகை பல மடங்கு ஏறியிருக்கும். வரி மட்டும் பழைய 2 ரூபாய் கணக்கிலேயே நிற்கும். அந்த வித்தியாசம் போய்ச் சேர்ந்தது கட்டட உரிமையாளருக்கு. பெரிய கட்டடம் வைத்திருந்தவருக்குப் பெரிய சலுகை, சின்னதுக்குச் சின்னச் சலுகை, கட்டடமே இல்லாதவருக்கு ஒன்றும் இல்லை.

பிறகு 15ஆவது நிதி ஆணையம் ஒரு நிபந்தனை வைத்தது. மாநிலம் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதங்களை அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வசூலும் கூட வேண்டும், இல்லாவிட்டால் நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் கிடையாது. 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 1 அன்று, வரி உயர்வு அறிவிக்கப்பட்டது. நாள் குறித்த விதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

2022 உயர்வில் இருந்த நியாயம்

அந்த உயர்வு எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. பழைய சென்னைப் பகுதியில் குடியிருப்புகளுக்கு இப்படி வைத்தார்கள்:

1. 600 சதுர அடி வரை 50 சதவீத உயர்வு.
2. 601 முதல் 1,200 சதுர அடி வரை 75 சதவீதம்.
3. 1,201 முதல் 1,800 சதுர அடி வரை 100 சதவீதம்.
4. அதற்கு மேல் 150 சதவீதம்.

2011இல் சேர்ந்த பகுதிகளுக்கு இதே படிகளில் 25, 50, 75, 100 சதவீதம். பழைய பகுதியின் வணிகக் கட்டடங்களுக்கு 150 சதவீதம். 600 சதுர அடி வீட்டுக்கு 810 ரூபாயாக இருந்த வரி 1,215 ரூபாயாகும், மும்பையில் இதே அளவு வீட்டுக்கு 2,157 ரூபாய் என்று அரசு ஓர் ஒப்பீட்டையும் வெளியிட்டது.

சின்ன வீட்டைச் சொந்தமாக வைத்து அதிலேயே குடியிருப்பவரைப் பொறுத்தவரை இது நியாயமான அமைப்புதான். கூடுதலாகப் போவது 405 ரூபாய். குழாயில் நல்ல தண்ணீர் வராத தெருவில் இருப்பவர் 20 லிட்டர் கேன் ஒன்றை 35 ரூபாய்க்குத் தினமும் வாங்கினால் ஒரே மாதத்தில் 1,050 ரூபாய் போய்விடும். அதோடு ஒப்பிட்டால் 405 பெரிய தொகை அல்ல. உயர்வே கூடாது என்று கத்தியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

அந்த அமைப்பில் உள்ள ஓட்டைகள்

முதல் ஓட்டை, அளவுகோல் கட்டடத்தைப் பார்க்கிறது, குடும்பத்தைப் பார்க்கவில்லை. வடசென்னையிலும் திருவல்லிக்கேணி சந்துகளிலும் ஒரே கட்டடத்தில் ஆறு, எட்டு போர்ஷன்கள் இருப்பது சாதாரணம். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, ஒரு சமையல் மூலை. குழாயும் கழிப்பறையும் பொது. இந்தக் கட்டடம் முழுவதற்கும் ஒரே வரிவிதிப்பு எண் இருந்து, பரப்பு 1,800 சதுர அடியைத் தாண்டினால், 150 சதவீதப் படியில் போய் விழும். உள்ளே இருப்பவர்கள் ஒவ்வொருவரும் 200 சதுர அடியில் வாழ்பவர்கள். தனி வீட்டில் 600 சதுர அடியில் இருப்பவருக்கு 50 சதவீதம், அதில் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் இருப்பவரின் கூரைக்கு 150 சதவீதம்.

இரண்டாவது, உயர்வு சதவீதத்தில் வைக்கப்பட்டது. பழைய வரி எவ்வளவோ அதன் மேல் இத்தனை சதவீதம். 1998இல் எந்தத் தெரு மலிவு, எந்தத் தெரு விலையுயர்ந்தது என்று போட்ட வரிசை அப்படியே இருக்கிறது. அன்று குறைத்து மதிப்பிடப்பட்ட கட்டடம் இன்றும் குறைத்து மதிப்பிடப்பட்டதாகவே தொடர்கிறது.

மூன்றாவது, வரியே கட்டத் தேவையில்லாத இடங்கள். அரசியல் சட்டத்தின் 285ஆவது பிரிவு மத்திய அரசின் சொத்துகளுக்கு உள்ளாட்சி வரியிலிருந்து விலக்குத் தருகிறது. ரயில்வேயும் ராணுவமும் பெரிய பெரிய நிலங்களை வைத்திருக்கும் நகரம் இது. அவர்களிடம் சேவைக் கட்டணம் கேட்கலாம், வரி கேட்க முடியாது. அந்த இடைவெளியை மற்றவர்கள்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம். தவணையின் தொடக்கத்திலேயே வரி கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகை உண்டு. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. கையில் காசு இருப்பவருக்குக் கழிவு, இல்லாதவருக்கு அபராதம். கடன் கொடுத்த எவரும் இப்படித்தான் செய்வார், மாநகராட்சியை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் கழிவாக மிச்சமான பணம் வாடகையில் குறைந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

வரி வாடகையாக மாறும் இடம்

சொத்து வரியைக் கட்டுபவர் உரிமையாளர். சுமக்கிறவரும் அவரேதானா? பொருளாதாரத்தில் இதை ‘வரிச்சுமை யார் மேல் விழுகிறது’ என்ற கேள்வியாகப் படிப்பார்கள். எளிய விதி இதுதான்: விட்டுப் போக வழியில்லாதவர் தலையில்தான் சுமை தங்கும்.

வாடகைக்கு நிறைய வீடுகள் காலியாகக் கிடந்தால் உரிமையாளரால் வரியை வாடகையில் ஏற்ற முடியாது. குடியிருப்பவர் வேறு வீடு பார்த்துப் போய்விடுவார். குடும்பத்துக்கு 5,000, 6,000 ரூபாய்க்குள் வாடகை தேடுபவர்களுக்கு நகரத்துக்குள் அப்படிப்பட்ட வசதி இல்லை. குழந்தையின் பள்ளிக்கூடம், வேலை செய்யும் வீடு, கடன் சொல்லி வாங்கும் மளிகைக் கடை எல்லாம் அதே தெருவைச் சுற்றி இருக்கும். மாறுவதென்றால் புது அட்வான்ஸ் வேண்டும். சாதி கேட்பார்கள், அசைவம் சமைப்பீர்களா என்று கேட்பார்கள். ஆகவே அவர் நகர மாட்டார் என்று உரிமையாளருக்குத் தெரியும்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 2,000 சதுர அடிக் கட்டடம், ஆறு போர்ஷன். பழைய அரையாண்டு வரி 3,000 ரூபாய். 150 சதவீத உயர்வுக்குப் பிறகு 7,500 ரூபாய்.

1. அரையாண்டுக்குக் கூடுதல் 4,500 ரூபாய். மாதத்துக்கு 750 ரூபாய்.
2. ஆறு குடும்பங்களுக்குப் பிரித்தால் குடும்பத்துக்கு மாதம் 125 ரூபாய்.
3. வீட்டுக்காரர் ‘வரி ஏறிடுச்சு, அடுத்த மாசத்திலிருந்து 500 சேர்த்துக் குடுங்க’ என்கிறார்.
4. கூடுதல் வாடகை மாதம் 3,000 ரூபாய். அதில் மாநகராட்சிக்குப் போவது 750, வீட்டுக்காரரிடம் தங்குவது 2,250.

எல்லா உரிமையாளரும் இப்படிச் செய்வார்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரே போர்ஷனின் வாடகையில் மருந்து வாங்கும் முதிய உரிமையாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் ரசீது யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் உண்மையான உயர்வு எவ்வளவு என்று தெரியும். குடியிருப்பவருக்கு ‘வரி ஏறியது’ என்ற செய்தி மட்டும் தொலைக்காட்சியில் தெரியும். மாநகராட்சி 125 ரூபாய் ஏற்றும்போது 500 ரூபாய்க்கான காரணத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது.

இதில் சட்டம் ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. ஒற்றை அறை வாடகைக்கு யார் ஒப்பந்தம் எழுதுகிறார்கள்? வாய்ச்சொல்லில் ஓடும் வாடகைக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

வேடிக்கை என்னவென்றால், பட்டா இல்லாத குடியிருப்புகளில் இருப்பவர்கள் பலர் வரி கட்ட ஆசைப்படுவார்கள். வீடு இடிக்க வரும் நாளில் காட்டுவதற்கு ஒரு காகிதம் வேண்டுமே. மின் ரசீது, ரேஷன் அட்டையோடு சொத்து வரி ரசீதும் இருந்தால் ‘நாங்கள் இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறோம்’ என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கும். வசதியானவர் தவிர்க்கப் பார்க்கும் ரசீதுக்கு இவர்கள் அலைகிறார்கள்.

தொழில் வரி: 1988இல் போட்ட பூட்டு

சொத்து வரிக்குக் கிடைக்கும் கூச்சலில் ஒரு பங்குகூடத் தொழில் வரிக்குக் கிடைப்பதில்லை. ஏழைகளை நேராகத் தாக்கும் வரி உண்மையில் இதுதான்.

அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு, ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்கிறது. அதற்கு முன் 250 ரூபாயாக இருந்த உச்சவரம்பை 1988இல் 60ஆவது திருத்தம் இப்படி மாற்றியது. அன்று 2,500 ரூபாய் நல்ல சம்பளம். இன்றும் அதே எண்தான். 15ஆவது நிதி ஆணையம் இதை 18,000 ரூபாய் வரை உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தது. அரசியல் சட்டத்தைத் திருத்தினால்தான் அது நடக்கும்.

சென்னையில் அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை தொழில் வரி இல்லை. அதாவது மாதம் 3,500 ரூபாய் வரை. அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் உச்சபட்சமான 1,250 ரூபாய். அதாவது மாதம் 12,500 ரூபாயைத் தாண்டியதுமே உச்சத்தைத் தொட்டுவிடுகிறோம். அபார்ட்மென்ட் வாசலில் மாதம் 13,000 ரூபாய்க்கு நிற்கும் காவலாளியும், உள்ளே மாதம் 3 லட்சம் வாங்கும் மேலாளரும் ஆண்டுக்குக் கட்டுவது அதே 2,500 ரூபாய். காவலாளிக்கு அது வருமானத்தில் 1.6 சதவீதம். மேலாளருக்கு 0.07 சதவீதம்.

2024இல் மாநகராட்சி இந்த வரியை 35 சதவீதம் அளவுக்கு உயர்த்தத் தீர்மானித்தது. மேலே பூட்டு இருப்பதால் கீழேதான் உயர்த்த முடிந்தது:

1. அரையாண்டு வருமானம் 21,001 முதல் 30,000 ரூபாய் வரை: வரி 135இலிருந்து 180 ரூபாய்.
2. 30,001 முதல் 45,000 வரை: 315இலிருந்து 425.
3. 45,001 முதல் 60,000 வரை: 690இலிருந்து 930.
4. 60,001 முதல் 75,000 வரை: 1,025, மாற்றமில்லை.
5. 75,000க்கு மேல்: 1,250, மாற்றமில்லை.

மாதம் 10,000 ரூபாய்க்குள் வாங்குபவர்களுக்கு மட்டுமே உயர்வு. தொகை சின்னதுதான், மூன்றாவது படியில்கூட மாதத்துக்கு 40 ரூபாய். ஆனால் வசூலைக் கூட்ட வேண்டிய நிர்பந்தமும் 1988ஆம் ஆண்டு வரம்பும் சேர்ந்தால் விளைவு இப்படித்தான் வரும். அதிகாரிகளின் கெட்ட எண்ணம் என்று இதைச் சொல்ல மாட்டேன். அவர்கள் கையில் இருந்த ஒரே திருகாணி அதுதான். ஆனால் அதைத் திருகாமல் விடவும் அவர்களால் முடிந்திருக்கும்.

செலவுப் பக்கம்: கட்டக் காசு உண்டு, கழுவக் காசு இல்லை

பட்ஜெட்டில் இரண்டு பைகள் இருக்கின்றன. ஒன்று வருவாய்க் கணக்கு: சம்பளம், ஓய்வூதியம், விளக்குக் கம்பத்தின் மின்கட்டணம், கழிப்பறை சுத்தம், பள்ளிக்கூடம் நடத்துவது. இன்னொன்று மூலதனக் கணக்கு: சாலை, மழைநீர் வடிகால், புதுக் கட்டடம். முதல் பைக்குப் பணம் பெரும்பாலும் வரியிலிருந்தும் மாநிலப் பங்கிலிருந்தும் வருகிறது. இரண்டாவது பைக்கு மானியமும் கடனும் வருகின்றன. இரண்டாவது பையிலிருந்து எடுத்து முதல் பையில் போட முடியாது.

விளைவு தெருவில் தெரியும். பொதுக் கழிப்பறை புதிதாகக் கட்டப்படும், திறப்பு விழா நடக்கும். ஆறு மாதம் கழித்துக் குழாயில் தண்ணீர் இருக்காது, தாழ்ப்பாள் உடைந்திருக்கும். ஊழலால் மட்டும் இப்படி ஆவதில்லை. கட்டிய பணமும் பராமரிக்கும் பணமும் வேறு வேறு பைகளில் இருப்பதும் ஒரு காரணம். வீட்டில் கழிப்பறை இருப்பவருக்கு இது செய்தி. பொதுக் கழிப்பறையை நம்பி இருக்கும் பெண்ணுக்கு இது தினப்படிப் பிரச்சினை.

2011 கணக்கெடுப்பின்படி அப்போதைய சென்னை மாநகராட்சிப் பகுதியில் சுமார் 29 சதவீதம் பேர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். மாநகராட்சிப் பள்ளி, மாநகராட்சி மருத்துவமனை, சமுதாயக் கூடம், அம்மா உணவகம் எல்லாவற்றையும் அதிகம் பயன்படுத்துபவர்கள் இவர்களே. வருவாய்க் கணக்கில் ஓட்டை விழுந்தால் முதலில் நனைவதும் இவர்களே.

அம்மா உணவகம் நல்ல உதாரணம். 2013இல் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். விலை அப்படியே இருக்கிறது, அரிசியும் பருப்பும் அப்படி இல்லை. பற்றாக்குறை முழுவதும் மாநகராட்சியின் வருவாய்க் கணக்கில் ஏறுகிறது. இதை ‘நஷ்டம்’ என்று எழுதும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். தெருவிளக்கு லாபத்தில் ஓடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. 2021இல் ஆட்சி மாறிய பிறகு உணவகங்களின் எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தது, பாத்திரங்கள் பழசாயின. 2024 ஜூலையில் 21 கோடி ரூபாய் செலவில் புதுப்பிக்கப்போவதாக முதல்வர் அறிவித்தார். மூட்டை தூக்குபவர், ஆட்டோ ஓட்டுநர், மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக வந்தவர் ஆகியோர் அங்கே சேமிக்கும் 40, 50 ரூபாய் அவர்களைப் பொறுத்தவரை வரிக்குறைப்புக்குச் சமம்.

வார்டு மேம்பாட்டு நிதியையும் பார்க்கலாம். 2025-26இல் ஒரு வார்டுக்கு 60 லட்சம் ரூபாய். 200 வார்டுகளுக்கும் ஒரே தொகை. எல்லா வீட்டிலும் சம்ப்பும் போர்வெல்லும் இருக்கும் வார்டுக்கும், மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் வார்டுக்கும் சமமாகப் பிரிப்பது பார்வைக்கு நியாயமாகத் தெரியும்.

மிச்சம் பிடிப்பது யார் சம்பளத்தில்?

வரியை உயர்த்த முடியாத, மானியத்தையும் திருப்பிப் போட முடியாத மாநகராட்சிக்கு ஒரு வழிதான் பாக்கி: செலவைக் குறைப்பது. அங்கே பெரிய செலவு ஆட்களின் சம்பளம். ஆட்களில் பெரிய கூட்டம் தூய்மைப் பணியாளர்கள்.

சென்னையின் பல மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை ஏற்கெனவே ஒப்பந்த நிறுவனங்களிடம் போயிருந்தது. 2025இல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களையும் அப்படிக் கொடுத்தார்கள். அங்கே வேலை செய்தவர்கள் ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள். மாதம் 23,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வாங்கிக்கொண்டிருந்த தங்களுக்கு ஒப்பந்த நிறுவனத்தில் 16,000 சொச்சம்தான் கிடைக்கும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. 13 நாள் கழித்து, நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது.

அந்தக் கணக்கை இந்தக் கட்டுரையின் மற்ற எண்களோடு வைத்துப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் வருமானத்தில் மாதம் சுமார் 6,000 ரூபாய் வெட்டு. வருடத்துக்குச் சுமார் 72,000 ரூபாய். சொத்து வரியில் 405 ரூபாய் ஏறியதா என்று சட்டமன்றத்தில் விவாதம் நடக்கும் ஊரில், செலவுப் பக்கத்தில் எடுத்த ஒரே முடிவு ஓர் ஏழைக் குடும்பத்தின் தலையில் இவ்வளவு இறக்குகிறது. சம்பளம் குறைந்தாலும் தொழில் வரி குறையாது, 12,500க்கு மேல் எல்லாம் ஒரே படிதானே.

கடனும் குப்பை மேடும்

2025 மே மாதம் சென்னை மாநகராட்சி முதல் முறையாகப் பங்குச் சந்தையில் நகராட்சிப் பத்திரம் வெளியிட்டு 200 கோடி ரூபாய் திரட்டியது. வட்டி 7.97 சதவீதம், அதாவது ஆண்டுக்குச் சுமார் 16 கோடி ரூபாய். கொடுங்கையூர் குப்பைமேட்டைப் பிரித்து அகற்றும் வேலைக்கான பணம் அது.

வேலை நல்ல வேலை. கொடுங்கையூரைச் சுற்றி வாழ்பவர்கள் பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பை நாற்றத்தையும் புகையையும் தாங்கியவர்கள். அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது இது. ஆனால் பத்திரம் வாங்கியவருக்கு வட்டி கொடுப்பது தள்ளிப்போட முடியாத செலவு. வருமானம் குறைந்த ஆண்டில் எதை நிறுத்துவது என்ற கேள்வி வந்தால் வட்டியை நிறுத்த முடியாது. கழிப்பறை சுத்தத்தையும் உணவகத்தின் பாத்திரத்தையும் தள்ளிப்போடலாம். கடன் வாங்கும் நகரத்துக்கு நிலையான வரி வருமானம் வேண்டும் என்று சந்தை எதிர்பார்க்கும். ஆண்டுதோறும் சிறிதளவு வரி கூடும் ஏற்பாட்டைச் சட்டத்தில் கொண்டுவந்ததற்கும் 2024 அக்டோபரில் 6 சதவீதம் ஏறியதற்கும் பின்னால் இந்தத் தேவையும் இருக்கிறது.

24 ஆண்டுகள் தூங்கிவிட்டு ஒரே நாளில் 150 சதவீதம் ஏற்றுவதைவிட வருஷா வருஷம் 6 சதவீதம் ஏற்றுவது மேல் என்பது என் கருத்து. வீட்டுக்காரருக்கு ‘வரி ஏறிடுச்சு’ என்று சொல்லிப் பெரிதாகத் தாவ வாய்ப்புக் குறையும். அதோடு இரண்டு வேலை சேர்ந்து நடக்க வேண்டும். போர்ஷன் வீடுகளைக் குடும்ப வாரியாகப் பிரித்து மதிப்பிட வேண்டும். தெருக்களின் அடிப்படை மதிப்பை இன்றைய வாடகைக்கு ஏற்ப மறுபடி எழுத வேண்டும். மும்பையில் 2022 ஜனவரி முதல் 500 சதுர அடி வரையிலான வீடுகளுக்குச் சொத்து வரியே இல்லை என்று ஆக்கினார்கள். அதுவும் சொந்தக்காரரைத்தான் எட்டும், வாடகைக்காரரை எட்டுமா என்பது அவரவர் வீட்டுக்காரரைப் பொறுத்தது.

எல்லைக்கு அப்பால் போனவர்கள்

நகரத்தின் கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களை கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். கட்டியது 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம். 2021இல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. கண்ணகி நகர் இன்று சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. பெரும்பாக்கம் குடியிருப்பு எழுந்தது ஓர் ஊராட்சியின் எல்லைக்குள்.

ஒரு கிராம ஊராட்சியின் வரி வருமானத்தை வைத்துக்கொண்டு எட்டு மாடிக் கட்டடங்களின் குப்பையையும் கழிவுநீரையும் பார்க்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. லிஃப்ட் நின்றால் வாரியத்திடம், குப்பை சேர்ந்தால் ஊராட்சியிடம், தண்ணீர் வராவிட்டால் இன்னோர் அலுவலகத்திடம் போக வேண்டும். சென்னை மாநகராட்சியின் 5,000 சொச்சம் கோடியில் ஒரு ரூபாய்க்கும் அவர்கள் உரிமை கொண்டாட முடியாது. மாமன்றத்தில் அவர்களுக்குக் கவுன்சிலரும் இல்லை.

அங்கே இருக்கும் பெண்கள் பலருக்கு வேலை இன்னும் பழைய இடத்தில்தான். விடிந்தும் விடியாமலும் பஸ் பிடித்து மயிலாப்பூருக்கும் ஆயிரம் விளக்குக்கும் வீட்டு வேலைக்கு வருகிறார்கள். கட்டணம் இல்லாத அந்தப் பயணத்துக்கான பணம் மாநில அரசுடையது. அவர்கள் பெருக்கித் துடைக்கும் வீடுகளின் சொத்து வரி சென்னை மாநகராட்சிக்குப் போகிறது. மாலையில் அவர்கள் திரும்பிப் போகும் வீட்டு வாசலில் குப்பை அள்ள வேண்டியது ஊராட்சி.